சென்னையில் முப்பது பேருக்கு ஓர் அலுவலகம்: எந்தக் கட்டடம், எந்த ஏசி, எந்த மேஜை?

முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒன்று சென்னையில் புதிதாக அலுவலகம் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு சதுர அடி. சொந்தக் கட்டடம் கிடையாது, வாடகைதான். சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைவாக இருக்க வேண்டும் என்று முதலாளி மனதார விரும்புகிறார். இந்த விருப்பத்தோடு உள்ளலங்காரம் செய்பவரிடம் போனால் மூங்கில் தரை, செடிகள் அடுக்கிய சுவர், மறுசுழற்சி பிளாஸ்டிக் நாற்காலி என்று ஒரு பட்டியல் வரும். அதில் இருப்பவை எல்லாமே புதிதாகத் தயாரித்து, லாரியில் ஏற்றி, கொண்டுவந்து இறக்க வேண்டியவை.

வாடகை அலுவலகத்தில் நாம் செய்யும் உள்வேலைக்கு அக்ரிமென்ட் இருக்கும்வரைதான் ஆயுள். மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ கழித்துக் கிளம்பும்போது, "எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே கொடுங்கள்" என்பார் உரிமையாளர். ஜிப்சம் சுவரும் பால்ஸ் சீலிங்கும் ஒரே நாளில் சுத்தியலுக்கு இரையாகும். அடுத்து வருபவர் கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே சுவரை மறுபடி எழுப்புவார். உடைத்தது எங்கே போகிறது என்பது குப்பைக் கிடங்கும் சதுப்பு நிலமும் இருக்கும் பெருங்குடி, பள்ளிக்கரணைப் பக்கம் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். இடிபாட்டைப் பிரித்துக் கையாள 2016 முதல் தனி விதிகள் இருக்கின்றன, மாநகராட்சியும் அதற்கான ஆலைகளை அமைத்திருக்கிறது. ஆனாலும் ஏரிக்கரையில் இரவோடு இரவாகக் கொட்டுவது நின்றபாடில்லை.

அதனால் இரண்டில் எது என்று முடிவெடுக்கும்போதெல்லாம் நான் பார்ப்பது இரண்டே விஷயம். தினமும் இது எவ்வளவு மின்சாரம் இழுக்கும்? நாம் காலி செய்யும் நாளில் இது என்னவாகும்? கீழே வரும் ஒப்பீடுகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளின் வழியாகவே போகின்றன.

இடம்: கண்ணாடிக் கட்டடமா, பழைய வீடா, பழைய வணிக வளாகமா?

முப்பது பேர் என்று சொன்னேன். அந்த முப்பது பேரும் தினமும் வருவார்களா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது வழக்கமாகிவிட்ட நிறுவனத்துக்கு இருபது மேஜை போதும். எடுக்காத 600 சதுர அடிக்கு ஏசியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், பார்ட்டிஷனும் வேண்டாம். வேறு எந்தப் பசுமை ஏற்பாட்டைவிடவும் இதில் மிச்சமாவது அதிகம். பத்துப் பேருக்குக் குறைவு, அடுத்த ஆண்டு எத்தனை பேர் இருப்போம் என்றே தெரியாது என்றால், ஏற்கெனவே மேஜை நாற்காலி போட்டுத் தயாராக இருக்கும் பகிர்வு அலுவலகத்தில் சேர்ந்துவிடுவதே சரி. அங்கே நாம் எதையும் கட்டுவதில்லை, அதனால் எதையும் உடைக்கப்போவதுமில்லை.

முப்பது பேரும் வருகிறார்கள் என்றால் சென்னையில் பொதுவாக மூன்று விதமான இடம் கிடைக்கும்.

முதலாவது, ஓ.எம்.ஆர். என்னும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் இருக்கும் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு பகுதி. இதற்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. தண்ணீரால் குளிரும் பெரிய மத்திய ஏசி, ஒரு டன் குளிருக்கு இழுக்கும் மின்சாரத்தில், சில்லறையாக மாட்டும் ஸ்பிளிட் ஏசியைவிடச் சிக்கனமானது. கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிவறைக்கும் செடிகளுக்கும் திருப்பிவிடும் ஏற்பாடு பெரிய வளாகங்களில் உண்டு. சக்கர நாற்காலிக்கான சாய்தளம், அகலமான லிஃப்ட், தீயணைப்பு வசதி எல்லாம் ஒழுங்காக இருக்கும். பாதகம் என்னவென்றால் ஜன்னல் திறக்காது. டிசம்பர், ஜனவரியில் வெளியே இதமாகக் காற்று வீசும்போதும் உள்ளே இயந்திரம்தான் ஓட வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் அந்த நால்வருக்காக ஒரு பகுதி முழுவதும் குளிர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வேறு. அப்புறம் தண்ணீர். 2019 ஜூனில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சாலையின் பல வளாகங்கள் டேங்கர் லாரியை நம்பித்தான் இருக்கின்றன. வாசலில் மாட்டியிருக்கும் பசுமைச் சான்றிதழ் பெரும்பாலும் கட்டடத்தின் வடிவமைப்புக்குக் கிடைத்தது. உங்கள் மின்கட்டணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இரண்டாவது, மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் உள்தெருக்களில் இருக்கும் பழைய தனி வீடு. கனமான சுவர், உயரமான கூரை, ரெட் ஆக்சைடு தரை, வாசலில் ஒரு வேப்பமரம். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை இருந்தால், அந்த அறை மே மாதத்திலும் கான்கிரீட் தளத்தைவிடத் தாங்கும்படி இருக்கும். பார்த்தவுடன் ஆசை வருவது இயல்பு. நானும் இப்படிப்பட்ட வீடுகளுக்காக வாதாடியிருக்கிறேன். ஆனால் ஆசைப்படும் முன் உரிமையாளரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இந்த வீட்டை எத்தனை ஆண்டு விட்டுவைப்பதாக எண்ணம்? ஜாயின்ட் வென்ச்சரில் அடுக்குமாடி கட்டும் பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், மூன்று ஆண்டில் நீங்கள் போட்ட வயரிங்கும் கழிவறையும் வீட்டோடு சேர்ந்து இடிந்துவிடும். ஒன்பது, பத்து ஆண்டுக்கு எழுதித் தருகிறார் என்றால் கணக்கே வேறு. அப்போதும் குடியிருப்புப் பகுதியில் அலுவலகம் நடத்த அனுமதி உண்டா, ஈ.பி. இணைப்பை வணிகத்துக்கு மாற்றி மூன்று ஃபேஸ் வாங்க முடியுமா, கரையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. நுங்கம்பாக்கத்திலும் எழும்பூரிலும் அண்ணா சாலையை ஒட்டிய தெருக்களிலும் எண்பதுகளில், தொண்ணூறுகளில் எழுந்த நாலு மாடி வணிக வளாகங்கள். முகப்பு அழகாக இருக்காது. ஆனால் செங்கல் சுவர், திறந்து மூடும் ஜன்னல், அதன் மேல் சன்ஷேட், மொசைக் தரை, கூரையில் மின்விசிறிக்கான கொக்கி எல்லாம் இருக்கும். ரயிலோ மெட்ரோவோ நடக்கும் தூரத்தில் இருக்கும். முப்பது பேரில் பாதிப் பேர் தினமும் இருசக்கர வண்டியிலோ காரிலோ இருபது கிலோமீட்டர் வந்துபோக வேண்டிய நிலை இருந்தால், அதில் எரியும் பெட்ரோலை உள்ளே போடும் எந்த மூங்கில் தரையும் ஈடுகட்டாது. குறை உண்டு: வாசலில் நாலு படி ஏறித்தான் லிஃப்டுக்கே போக முடியும் என்ற கட்டடங்கள் நிறைய. மாற்றுத்திறனாளி ஒருவர் வேலைக்கு வர முடியாத அலுவலகத்தை எந்த அர்த்தத்திலும் நல்ல அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சாய்தளம் போட உரிமையாளர் ஒப்புக்கொள்கிறாரா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் பேசிவிட வேண்டும்.

என் தேர்வு மூன்றாவதுதான். அதிலும் மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள மாடியைத் தவிர்த்து, நடு மாடி. அந்த இடத்தில் முன்பிருந்தவர் விட்டுப்போன பார்ட்டிஷனும் வயரிங்கும் இன்னும் பிரிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. அவற்றில் முக்கால்வாசியை அப்படியே வைத்துக்கொண்டு உங்கள் வேலையை அதற்கேற்ப அமைக்க முடியுமா என்று ஒரு நாள் உட்கார்ந்து வரைந்து பாருங்கள்.

குளிர்ச்சி: இங்கேதான் கணக்கு தீர்கிறது

சென்னையில் ஓர் அலுவலகத்தின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு ஏசிக்குத்தான் போகிறது. ஒப்பந்தக்காரர் வந்தால் 120, 150 சதுர அடிக்கு ஒரு டன் என்று மனக்கணக்குப் போட்டு, 2,000 சதுர அடிக்கு 13 டன்னுக்கு மேல் எழுதுவார். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்காமல் போடும் கணக்கு அது. எனவே ஏசியைப் பேசும் முன் வெயிலைப் பேச வேண்டும்.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று குளிர்நாட்டுப் புத்தகங்களில் படித்துவிட்டு இங்கே வடக்கை முழுக்கக் கண்ணாடியாக்குவது தவறு. தெற்குச் சுவரைக் காப்பது சுலபம்: டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் 53 பாகைக்கு மேல் நிற்பதால் இரண்டடி சன்ஷேட் பெரும்பாலும் போதும். தொல்லை மேற்கில்தான். மாலை மூன்று மணிக்கு மேல் சாய்ந்து வரும் வெயிலைச் சன்ஷேட் தடுக்காது, வெளிப்புறத்தில் நிறுத்திய தட்டியோ அசையும் பலகையோ மரமோதான் தடுக்கும். உள்ளே திரைச்சீலை போடுவதும் வெளியே தட்டி கட்டுவதும் ஒன்றல்ல. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெப்பத்தில் பெரும்பங்கு அறைக்குள் வந்ததுதான், திரை அதைத் திருப்பி அனுப்பாது. மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்ட உரிமையாளர் சம்மதித்தால், மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது அதுதான். கிளம்பும்போது கழற்றிச் சுருட்டி எடுத்துப் போகலாம்.

வேறு வழியில்லாமல் மேல்மாடியே கிடைத்தால் மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்க வேண்டும். சுண்ணாம்போ, வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ, வெள்ளை டைல்ஸோ, எது ஆனாலும் சரி. பூச்சை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். அழுக்கேறிய வெள்ளை பாதிப் பலன்தான் தரும்.

இனி இயந்திரம். நான்கு வழிகள் முன்னால் இருக்கின்றன.

ஹைதராபாத்தின் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் 2011-ல் ஒரு கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியில் வழக்கமான ஏசியையும், மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குளிர்ந்த நீர்க் குழாய் ஓடும் முறையையும் வைத்து ஒப்பிட்டது. இரண்டு பாதிகளும் ஒரே அளவு, ஒரே வெயில். நீர்க் குழாய்ப் பாதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவான மின்சாரத்தில் ஓடியது. இந்தியாவில் இவ்வளவு நேர்மையாக நடந்த ஒப்பீடுகள் குறைவு. சொந்தக் கட்டடம் எழுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். தளம் போடும்போதே குழாய் பதிக்க வேண்டும் என்பதாலும், சென்னை ஈரப்பதத்தில் காற்றைத் தனியாக உலர்த்த வேண்டும் என்பதாலும் வாடகைதாரருக்கு இது ஆகாது.

காற்றை நீரால் குளிர்விக்கும் ஏர் கூலரும் சென்னைக்கு ஆகாது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும் ஊரில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். கோயம்புத்தூர், மதுரைப் பக்கம் வறண்ட மாதங்களில் தாராளமாக வைக்கலாம்.

மிஞ்சுவது இரண்டு: ஒரே வெளிப்புற இயந்திரத்திலிருந்து பல அறைக்குச் செம்புக் குழாய் போகும் வி.ஆர்.எஃப்., இல்லையென்றால் தனித்தனி இன்வெர்ட்டர் ஸ்பிளிட். வி.ஆர்.எஃப். பகுதிச் சுமையில் சிக்கனமாக ஓடும், வெளிச்சுவர் அசிங்கமாகாது. ஆனால் நீளமான குழாய் முழுவதும் குளிர்வாயு நிறைந்திருக்கும், குழாய் கூரைக்குள் புதைந்திருக்கும். காலி செய்யும் நாளில் அதில் பாதி வீண்.

அந்த நாளில் வாயு என்ன ஆகிறது என்பதை யாரும் பேசுவதில்லை, நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஏசியில் நிரப்பும் ஆர்-410ஏ என்ற குளிர்வாயு ஒரு கிலோ வெளியேறினால் அது கார்பன் டை ஆக்சைடு 2,000 கிலோவுக்கு மேல் விட்டதற்குச் சமம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ என்று வைத்தால், அந்த ஒரு கிலோ வாயு 2,900 யூனிட் மின்சாரத்துக்கு நிகர். ஓர் ஆண்டு முழுவதும் சிக்கனமாக இருந்து சேர்த்ததை, ஏசியைக் கழற்ற வந்தவர் ஸ்பேனரால் இரண்டு நிமிடத்தில் காற்றில் விட்டுவிடலாம். ஆர்-32 வாயுவின் தாக்கம் ஆர்-410ஏ-யில் மூன்றில் ஒரு பங்கு அளவு, அதாவது ஒரு கிலோ வெளியேறினால் கார்பன் டை ஆக்சைடு 675 கிலோவுக்குச் சமம். புரொப்பேன் என்னும் ஆர்-290 கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை எனலாம், 3 அளவில்தான். தீப்பற்றும் வாயு என்பதால் பெரிய இயந்திரங்களில் வராது, சிறிய ஸ்பிளிட் ஏசியில் இந்தியாவிலேயே விற்பனைக்கு வந்திருக்கிறது. எந்த வாயு ஆனாலும் கழற்றும் முன் அதை வெளிப்புற யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூட வேண்டும். பம்ப் டவுன் என்பார்கள். அதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்கை மட்டும் கூப்பிடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

சிறிய அலுவலகத்துக்கு என் தேர்வு, எண்ணிக்கையில் குறைவான ஐந்து நட்சத்திர ஸ்பிளிட் ஏசியும் எல்லா மேஜைக்கும் மேல் மின்விசிறியும். 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி ஏற்றினால் ஏசியின் மின்சாரத்தில் 6 சதவீதம் மிச்சம் என்று ஆற்றல் திறன் செயலகம் சொல்கிறது. தலைக்கு மேல் விசிறி ஓடினால் 27 டிகிரியில் வேலை செய்வது பெரும்பாலோருக்குச் சிரமமாக இருக்காது. மூன்று டிகிரி, கிட்டத்தட்ட 18 சதவீதம். விசிறியிலும் தேர்வு இருக்கிறது: பழைய வகைச் சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும், பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டைச் சுற்றி. பத்து விசிறி தினமும் ஒன்பது மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு நாலு யூனிட் வித்தியாசம். இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி சுவிட்ச் இருப்பதால், மாலையில் மிஞ்சும் நாலு பேர் ஒரு மூலையில் உட்கார்ந்து அந்த மூலையை மட்டும் குளிர்வித்துக்கொள்ளலாம்.

விசிறி வேண்டும் என்றால் பால்ஸ் சீலிங் வேண்டாம். பத்தடி உயரத்தில் ஒன்றரை அடியை அது தின்றுவிட்டால் விசிறி தொங்க இடமில்லை. பால்ஸ் சீலிங் இல்லாத அறையில் எதிரொலி வரும் என்பது உண்மைதான். தென்னை நார்ப் பலகையோ தடித்த பருத்தித் துணி போர்த்திய சட்டமோ சுவரில் மாட்டினால் குறையும். ஆணியில் மாட்டியதைக் கழற்றிப் போகலாம்.

பார்ட்டிஷனும் மேஜையும்

ஜிப்சம் போர்டு சீக்கிரம் முடியும், மலிவு, சுவர் போலவே வழவழப்பாக இருக்கும். பிரிக்கும்போது தகடுச் சட்டம் மட்டும் பழைய இரும்புக்குப் போகும், போர்டு குப்பைக்கு. ஒரு மழைக்காலத்தில் ஓதம் ஏறினாலும் கதை முடிந்தது. பிளைவுட்டின் மேல் மைக்கா ஒட்டிய பார்ட்டிஷனை, ஆசாரியிடம் சொல்லித் தனித்தனிப் பலகையாகச் செய்து ஸ்குரூவால் இணைத்தால் அடுத்த இடத்துக்கும் வரும். பிளைவுட் பசையிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடு கண்ணை எரிக்கும், இ-0 அல்லது இ-1 தரம் கேட்டு வாங்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி விலை கூடுதல், ஆனால் கழற்றி விற்றாலும் பணம் வரும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பார்ட்டிஷனே போடாமல் அலமாரியால் பிரிப்பது. போல்ட் போட்டு முடுக்கும் இரும்பு ரேக், உயரமான பழைய பீரோ, புத்தக அலமாரி. எப்படியும் சாமான் வைக்க அவை வேண்டும், தடுப்பாகவும் நிற்கட்டும். கதவு மூடிப் பேச வேண்டிய அறை ஒன்றோ இரண்டோதான் தேவை. அவற்றுக்கு மட்டும் பிளைவுட்டும், பழைய மரச் சாமான் கடையில் எடுத்த தேக்குக் கதவும் போதும்.

மேஜை விஷயத்தில் பார்ட்டிக்கிள் போர்டு வொர்க்ஸ்டேஷனை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். புதிதாக இருக்கும்போது மிக அழகு. சென்னைக் காற்றில் ஓரம் உப்பும். ஒருமுறை கழற்றி மாட்டினால் ஸ்குரூ ஓட்டை பிடிக்காது. இரும்புக் கால், அதன் மேல் பிளைவுட் அல்லது ரப்பர் மரப் பலகை என்றால் பலமுறை இடம் மாறும். பால் வற்றிய பிறகு எப்படியும் வெட்டப்படும் தோட்ட மரம்தான் ரப்பர், கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நிறையக் கிடைக்கிறது. பூச்சி அரிக்காமல் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்கள். நாற்காலியைப் பழையதாகவே வாங்கலாம்: பெரிய நிறுவனங்கள் காலி செய்யும்போது நல்ல நாற்காலிகள் மொத்தமாக விற்பனைக்கு வரும். ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டரையும் முதுகுத் தாங்கலையும் உட்கார்ந்து பார்த்து எடுத்துத் துணி மட்டும் மாற்றினால், அதே விலைக்குக் கிடைக்கும் புது நாற்காலியைவிட முதுகுக்கு நல்லதாக இருக்கும்.

தரைக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மொசைக் இருந்தால் பாலிஷ் போடுங்கள். அதன் மேல் வினைல் ஒட்டுவதும் விட்ரிஃபைடு டைல்ஸ் பதிப்பதும் நல்ல தரையை மூடும் வேலை. ஆத்தங்குடிக் கல் எனக்கு உயிர். ஆனால் கலவையில் பதித்த கல்லை உடையாமல் பெயர்க்க முடியாது, வாடகை இடத்தில் அதைப் பதித்து வீணாக்க மனம் வராது. சொந்தக் கட்டடம் என்றால் தயங்காமல் போடுங்கள்.

மொட்டை மாடியில் சூரிய மின்தகடு போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிழல் விழாத 100 சதுர அடிக்கு ஒரு கிலோவாட், அதிலிருந்து நாளொன்றுக்கு நாலு யூனிட் என்பது தமிழ்நாட்டில் ஏறத்தாழ நம்பக்கூடிய கணக்கு. கூரை உரிமையாளருடையது என்பதால் அவர் முதலீடு செய்து உங்களுக்குக் கட்டணத்தில் கழித்துக்கொடுப்பதுதான் நடக்கக்கூடிய வழி. தட்டியும் விசிறியும் முடிந்த பிறகு இதைப் பேசுங்கள். தேவையைக் குறைத்துவிட்டால் ஐந்து கிலோவாட் கணிசமான பங்கைத் தரும், குறைக்காவிட்டால் ஏசியின் பசிக்கு அது உறைபோடக் காணாது.

அக்ரிமென்ட்டில் எழுத வேண்டியவை

பேச்சில் ஒப்புக்கொண்டது காலி செய்யும்போது யாருக்கும் நினைவிருக்காது. எனவே நான்கு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். வெளியே தட்டி கட்டவும் சாய்தளம் போடவும் அனுமதி. தனி மின்மீட்டர், அதன் மாதக் கணக்கு உங்கள் கைக்கு வரும்படி. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். குழாய் இருக்கும், தொட்டி தூர்ந்திருக்கும், அதை ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் உரிமையாளர் தூர்வாரித் தர வேண்டும் என்ற வரி. கடைசியாக, "எடுத்தபோது இருந்தபடியே" என்ற வாசகத்துக்குப் பதிலாக, அடுத்த வாடகைதாரர் விரும்பினால் உள்வேலைகளை அவருக்கு அப்படியே ஒப்படைக்கலாம், அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பு வரை எதையும் இடிக்கத் தேவையில்லை என்ற வாசகம். உரிமையாளர்கள் முதலில் தயங்குவார்கள். இடிக்கும் சத்தமும் குப்பை லாரியும் படிக்கட்டு முழுக்கத் தூசியும் அவர்களுக்கும் தொல்லைதான் என்பதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.